இலங்கையின் மலையகத்தில், அட்டன் அருகே பெண்கள் நடத்தும் மரக்கறிக் கடை

குடும்பப் பொறுப்பைத் தனியாகச் சுமக்கும் தேயிலைத் தோட்டப்புறப் பெண்கள் சிலர் கூடி நடத்தும் இக்கடையில், லயத்தை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) ஒட்டிய கொல்லைகளில் விளைந்த லீக்ஸ், கரட், போஞ்சி, வல்லாரை ஆகியவை பறித்த அன்றே விற்பனைக்கு வருகின்றன. கீரைகளின் தரம் மிகச் சிறப்பு. கரட் சிறுத்தும் கோணலாகவும் இருப்பதுண்டு; இனிப்பில் குறையில்லை.

2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது பலர் திணறினாலும், மாட்டெருவையும் காட்டுச் சூரியகாந்தித் தழையையும் மக்கவைத்த கூட்டெருவையே தாம் முன்பிருந்தே நம்பியிருந்ததால் பயிரைக் கைவிட நேரவில்லை என்று விற்பனையிலிருந்த அம்மா பொறுமையாக விளக்கினார். தோட்டப்புற வீட்டுத்திட்டங்களில் பலருக்குக் கிடைத்த 7 பேர்ச் (சுமார் 177 சதுர மீட்டர்) காணியிலும் வீடு போக எஞ்சுவது மிகச் சிறிய இடமே. இப்படிச் சிறு இடங்களிலிருந்து இவ்வளவு விளைவிப்பது உண்மையிலேயே பெரும் உழைப்பு.

நகரச் சந்தையைவிட விலை சற்றுக் கூடுதல். எனினும் இடைத்தரகர் இல்லாததால், பயிரிட்டவரின் கைக்கே பணம் நேரடியாகச் சேர்கிறது. அந்தக் கூடுதல் தொகையை நான் மனநிறைவோடு கொடுக்கிறேன். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வரத்து வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், அம்மாதங்களில் காலையிலேயே செல்வது நல்லது.