ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு பசி: ஓராண்டு உணவு ஆலோசனை பேக்கேஜ் எப்படி இருந்தது?

எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்கள் சர்ஜனைப் பற்றி விசாரிக்கிறார்கள், செலவைக் கேட்கிறார்கள், தழும்பு தெரியுமா என்று கேட்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு பசியைப் பற்றி யாரிடம் பேசுவது என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. எனக்கோ ஆரம்பத்திலிருந்தே அந்த ஒரு கவலைதான். அதனால் கோவையில் நான் ஸ்லீவ் என்ற இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்ட தனியார் மருத்துவமனையிலேயே ஓராண்டு உணவு ஆலோசனை பேக்கேஜையும் 12,000 ரூபாய் தனியாகக் கட்டி எடுத்தேன். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். இதே மாதிரி பேக்கேஜ் பல ஊர்களில் கிடைக்கிறது. உங்கள் ஊரில் எடுப்பதற்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். வயது 44, திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு, தூக்கத்தில் மூச்சு அடைக்கும். சின்ன வயதிலிருந்தே பசி தாங்க மாட்டேன். சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் தலை வலிக்கும், யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடியாது. வயிற்றைச் சின்னதாக்கிவிட்டுப் பசியை மட்டும் பழையபடி விட்டுவைத்தால் என்ன ஆவது? இந்தக் கேள்வியோடுதான் டயட்டீஷியனின் அறைக்குள் போனேன்.

அவர் வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர். ஒரு வெள்ளைத் தாளில் இரைப்பையை வரைந்தார். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள், மீதி இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். அது எனக்கு முன்பே தெரியும். தெரியாத விஷயத்தை அப்புறம் சொன்னார். வெட்டி எடுக்கும் பகுதியில் மேல்பக்கம் உப்பலாக இருக்கும் இடம் ஒன்று வருகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது அங்கேதான். 1999-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தது. அந்த இடம் போய்விடுவதால் கிரெலின் நன்றாகக் குறைகிறது. சாப்பாடு குடலுக்குச் சீக்கிரம் இறங்குவதால், போதும் என்று சொல்கிற வேறு ஹார்மோன்களும் கூடுகின்றன. இப்போது எல்லோரும் பேசுகிற எடை குறைப்பு ஊசிகள் பார்க்கிற, ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனின் வேலையை ஓரளவு நம் உடம்பே செய்துகொள்கிறது. 'பசி குறையும், ஆனா மறைஞ்சு போயிடாது. திரும்ப வரும்போது பயந்துடாதீங்க அக்கா' என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு முன்பே இதைச் சொன்னதற்காகவே அந்த அறைக்கு முழு மதிப்பெண் தருவேன்.

முதல் மாதங்களில் கவலை எதிர்ப்பக்கமாக வந்தது. பசியே இல்லை. வாழ்நாள் முழுக்கப் பசியோடு இருந்த ஒருத்திக்கு இது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே எதுவோ நின்றுபோன மாதிரி. முதல் இரண்டு வாரம் முழுக்க நீராகாரம்: மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், தெளிந்த சூப், புரோட்டீன் பவுடர் கலந்த பால். இருமல் மருந்தோடு வரும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் மூடியில் ஊற்றி, வாய் வாயாகக் குடிக்க வேண்டும். அதன் பிறகு மசித்தது, அதன் பிறகு மெத்தென்றது, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் சாதாரணச் சாப்பாடு. பசி கூப்பிடாதபோது சாப்பிட ஞாபகம் வராது என்பதால், போனில் அலாரம் வைக்கச் சொன்னார்கள். பசி இல்லை என்று விட்டால் புரோட்டீன் குறையும், தசை கரையும், முடி கொட்டும். முடி எப்படியும் மூன்றாம் மாதத்திலிருந்து கொட்டத்தான் செய்தது, பிறகு நின்றது. அதையும் முன்பே சொல்லியிருந்ததால் கையில் கொத்தாக வந்தபோது மனசு உடையவில்லை.

இந்தக் கட்டத்தில் சேவை அருமை. வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்பினால் அன்றைக்கே பதில் வரும். குமட்டல் விடாமல் இருந்த ஒரு வாரத்தில் அவர்களாகவே போன் செய்து, வாந்தி தொடர்ந்தால் தயமின் (வைட்டமின் பி1) சத்து குறைந்து நரம்பைப் பாதிக்கும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளாமல் உடனே வர வேண்டும் என்றார்கள்.

எட்டாம் மாதம் வாக்கில் பசி திரும்பியது. சாயங்காலம் ஆறு மணிக்கு கம்பெனியில் ஷிப்ட் மாறும் நேரம், வாசலில் போண்டாக் கடை. வயிறு குடைகிறது. தூங்கப் போகும்போதும் குடைகிறது. எடை இறங்குவதும் மெதுவாகிவிட்டது. வயிறு பெரிதாகிவிட்டது, தைத்தது விட்டுவிட்டது, போட்ட பணமெல்லாம் போச்சு என்று ஏதேதோ தோன்றி இரண்டு ராத்திரி தூங்கவில்லை. இந்த நிலையில் இருக்கும் எத்தனையோ பேர் யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வெம்பிப் போகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். போன் செய்யுங்கள்.

நான் செய்தேன். அந்த ஒரு போன் பேச்சுக்கே 12,000 ரூபாய் தகும். ஆறுதல் சொல்லிவிட்டு அவர் வைத்துவிடவில்லை. விசாரித்தார்.

'பசின்னு சொல்றீங்களே அக்கா, எந்த இடத்துல தெரியுது?'

'நெஞ்சுக்குக் கீழ மேடம்.'

'எரியுதா, இல்ல காலியா இருக்கிற மாதிரியா?'

யோசித்துப் பார்த்தால் எரிச்சல்தான்.

'மோர் குடிச்சா அடங்குதா? கை நடுங்குதா, வேர்க்குதா? இப்ப உங்க முன்னால அவிச்ச முட்டை வச்சா சாப்பிடுவீங்களா, இல்ல போண்டாதான் வேணுமா? மத்தியானம் எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீங்க?'

ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருந்தது. ஸ்லீவுக்குப் பிறகு அமிலம் மேலே வருவது பலருக்கு நடக்கிறது, அந்த எரிச்சல் பசி மாதிரியே தெரியும். எனக்குக் கொடுத்திருந்த, அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையைச் சில வாரங்களுக்கு முன்புதான் நிறுத்தியிருந்தார்கள். கை நடுக்கமும் வியர்வையும் இருந்தால் சர்க்கரை இறங்குகிறதா என்று குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். இனிப்போ மாவுப்பொருளோ சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் அப்படி இறங்குவது இந்த ஆபரேஷன் செய்த சிலருக்கு வரும், எடை குறைப்புக்கான இன்னொரு ஆபரேஷனான இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு இன்னும் அதிகம். முட்டையும் சுண்டலும் வேண்டாம், போண்டா மட்டும்தான் வேண்டும் என்றால் அது பெரும்பாலும் வயிற்றின் கோரிக்கை இல்லை. வேலைக் களைப்பும் கடை வாசனையும் சேர்ந்து கேட்பது. தாகமாகவும் இருக்கலாம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஒரே மூச்சில் தண்ணீர் குடிக்க முடியாது, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்காவிட்டால் சாயங்காலம் அது பசியாகத் தெரியும்.

எனக்கு இரண்டு விஷயம் கலந்திருந்தது. சர்ஜனிடம் அவரே பேசி மாத்திரையைத் திரும்பத் தொடங்க வைத்தார். எரிச்சல் அடங்கியதும் ராத்திரிப் பசி போய்விட்டது. சாயங்காலப் பசி போகவில்லை. அதைப் பற்றி அவர் சொன்னது: 'அது நல்ல பசி அக்கா. வரத்தான் செய்யும்.' எடை குறைந்த உடம்பில் கொழுப்பு சுரக்கிற, பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் குறைகிறது, மூளை சாப்பாட்டைக் கேட்கத் தொடங்குகிறது. குழாயும் காலப்போக்கில் கொஞ்சம் இளகும். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை.

அடுத்து என் சாப்பாட்டை எடுத்துப் பிரித்தார். இதைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நம் சாப்பாட்டில் குழையக் கரைத்து விழுங்குவது அதிகம்: ரசம் சாதம், மோர் சாதம், கஞ்சி, சாம்பாரில் ஊறிய இட்லி. பெரிய வயிற்றுக்கு அது சரி. ஸ்லீவில் அது நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், ஒரு மணி நேரத்தில் திரும்பப் பசிக்கும். முறுக்கும் மிக்சரும் அதே கதைதான், வாயிலேயே பொடியாகிக் கரைந்துவிடுவதால் எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நிரம்பிய உணர்வு வராது. சாப்பிடும்போதும் சாப்பிட்டு அரை மணி நேரம் வரையும் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். எனக்கு அதுவரை அது வெறும் விதி. காரணம் தெரிந்த பிறகு மீறத் தோன்றவில்லை.

என் காலைச் சாப்பாடு இரண்டு இட்லி. அதில் புரோட்டீன் நாலு கிராம் தேறினால் பெரிது. ஒரு நாளைக்கு எனக்குத் தேவை 60 முதல் 80 கிராம். இப்போது ஒரு இட்லி, ஒரு அவித்த முட்டை, இடைவெளி விட்டுப் பாலில் அரை ஸ்கூப் பவுடர். மத்தியானத் தட்டில் முதலில் மீனோ கோழியோ பன்னீரோ, அப்புறம் பொரியல், கடைசியில் இடம் இருந்தால் சாதம், கெட்டிக் குழம்போடு. நாலரை மணிக்கு, பசி வருவதற்கு முன்பே, ஒரு கை கொண்டைக்கடலைச் சுண்டல். சாயங்காலப் பசி வருகிறது, ஆனால் குடைவதில்லை. போண்டாக் கடையைத் தாண்டி நடக்க முடிகிறது.

வீட்டில் என் மாமியாரிடமும் பேசச் சொல்லிக் கேட்டேன், பேசினார். அத்தைக்கு என் தட்டைப் பார்த்தால் கண் கலங்கிவிடும். 'ஏஞ்சாமி, குருவி கூட இதைவிட அதிகமாத் திங்குமே, இன்னொரு வாய்' என்று வைத்துக்கொண்டே இருப்பார். டயட்டீஷியன் அவரிடம், 'அம்மா, நீங்க இன்னொரு வாய் வைக்கிறதுன்னா முட்டையா வையுங்க' என்றார். அன்றிலிருந்து வீட்டில் முட்டைக்குக் குறைவில்லை.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். முதல் நாள் கையில் கொடுத்த அச்சடித்த டயட் சார்ட்டில் ஓட்ஸ், பிராக்கோலி, கினோவா, ஆலிவ் ஆயில். கோவையில் உட்கார்ந்துகொண்டு கொள்ளும் ராகியும் நாட்டுக்கோழியும் இல்லாத சார்ட் எதற்கு? டயட்டீஷியன் பேனாவால் அடித்து நம் சாப்பாட்டை எழுதிக் கொடுத்தார். அவர் நல்லவர் என்பதால் எனக்குக் கிடைத்தது. கேட்கத் தெரியாதவர்கள் அந்தத் தாளையே வைத்துக்கொண்டு திண்டாடுவார்கள்.

புரோட்டீன் பவுடரை மருத்துவமனை மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும் என்கிற மாதிரி ஒரு அழுத்தம் இருந்தது. அது கட்டாயமில்லை. ஒரு ஸ்கூப்பில் 20 கிராமுக்கு மேல் புரோட்டீன், சர்க்கரை குறைவு, இந்த இரண்டையும் டப்பாவின் பின்பக்கம் பார்த்துவிட்டு, டயட்டீஷியனிடம் படம் அனுப்பிக் கேட்டு, வெளியில் வாங்கினேன். நன்றாகவே இருக்கிறது. வைட்டமின், இரும்பு, கால்சியம் சிட்ரேட், பி12 ஆகியவற்றை மட்டும் யார் சொன்னாலும் விடாதீர்கள், அவை ஆயுள் முழுக்க. இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேரமாவது தள்ளித்தள்ளிப் போட வேண்டும்.

ஒன்பதாம் மாதம் டயட்டீஷியன் வேறு இடத்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவரிடம் என் பழைய குறிப்புகள் எதுவும் போய்ச் சேரவில்லை. மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இது சின்ன விஷயம் இல்லை. நம் பசியின் கதை தெரிந்த ஒருவரை இழப்பது கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை யாரும் போன் எடுப்பதில்லை. கல்யாணம், கிடா விருந்து எல்லாம் வருவது ஞாயிற்றுக்கிழமையில்தான்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறொன்று. பேக்கேஜில் மனநல ஆலோசகர் இல்லை. தனிக் கட்டணம், தனி நாள். வயிற்றின் பசியை டயட்டீஷியன் பார்த்துக்கொள்வார். சண்டை வந்தால், தனியாக இருந்தால், மாதக் கணக்கு முடிக்கும் டென்ஷனில், கை தானாக எதையாவது தேடுகிறதே, அதை யார் பார்ப்பது? அந்தப் பழக்கத்தை எந்த ஆபரேஷனும் வெட்டி எடுப்பதில்லை. இத்தனை நோயாளிகளைப் பார்க்கிற இடத்துக்கு இது தெரியாமல் இருக்காது.

எடுக்கலாமா என்று கேட்டால், எடுங்கள். சேருவதற்கு முன்னால் டயட்டீஷியனை நேரில் பார்த்து, 'எட்டாம் மாதம் பசி திரும்பினால் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். 'மனக்கட்டுப்பாடு வேண்டும்' என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். எங்கே தெரிகிறது, எப்போது வருகிறது, என்ன மாத்திரை ஓடுகிறது என்று திருப்பிக் கேட்பவரிடம் தாராளமாகப் பணம் கட்டலாம். மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாத ரத்தப் பரிசோதனை கட்டணத்தில் சேர்ந்ததா, ஆள் மாறினால் குறிப்புகள் யாரிடம் போகும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் இரண்டாம் ஆண்டுக்கும் புதுப்பித்துவிட்டேன். மனநல ஆலோசனையைச் சேர்க்கச் சொல்லியும், ஞாயிறு ஒரு எண்ணாவது கொடுக்கச் சொல்லியும் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எண் கொடுத்துவிட்டார்கள். மற்றதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.