இணையமில்லாக் கற்றல் பெட்டி: ஒன்பது மாதப் பாவனைக்குப் பின்னர்

இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், துணுக்காய்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையத்தில், பின்னேரங்களில் தரம் 9 முதல் 11 வரையான பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பித்து வருகிறேன். கடந்த ஓகஸ்டில், கனடாவிலும் இங்கிலாந்திலும் பல்கலைக்கழகங்களில் படிக்கும் ஐந்து இளைஞர்கள் தங்கள் விடுமுறையில் இங்கு வந்து, இணையம் இல்லாமலே இயங்கும் ஒரு கற்றல் பெட்டியையும் ஏற்கெனவே பாவித்த 14 டப்களையும் (தொடுதிரைக் கைக்கணினிகள்) தந்து, ஒன்பது நாள் தங்கியிருந்து எங்களைப் பழக்கிவிட்டுப் போனார்கள். இப்படியொன்றைத் தங்கள் ஊருக்கும் எடுக்கலாமா என்று மல்லாவியிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் சொல்லி முடியாதபடியால் எழுதி வைக்கிறேன்.

பெட்டி ஒரு சோற்றுப் பெட்டியின் அளவு. உள்ளே இருப்பது 2019 ஆம் ஆண்டு வெளிவந்த ராஸ்பெரி பை 4 என்ற, ஏறத்தாழ ஒரு வங்கி அட்டையின் அளவே ஆன கணினி. அதில் 256 ஜி.பி. நினைவக அட்டை ஒன்று செருகப்பட்டிருக்கிறது. மின்சாரம் கொடுத்ததும் பெட்டி தானே ஒரு வைஃபை வலையை உண்டாக்கும். பிள்ளைகள் டப்பை அதனோடு இணைத்து, உலாவியில் ஒரு சிறு முகவரியைத் தட்டினால் பாடங்கள், காணொளிகள், விக்கிப்பீடியா எல்லாம் திறக்கும். டேட்டாவுக்குக் காசு கட்டி ரீலோட் போட வேண்டியதில்லை. 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டு, வட்ஸப்பில் வந்த பாடங்களை இறக்குவதற்காகப் பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு குளக்கட்டில் ஏறி நின்ற நாட்களைக் கண்டவளுக்கு, இந்த ஒரு வசதியே பெரிதாகத்தான் தெரிந்தது.

மென்பொருள்கள் இந்த இளைஞர்கள் எழுதியவை அல்ல. அப்படி அவர்கள் உரிமை கொண்டாடவும் இல்லை. பாடங்களை ஒழுங்குபடுத்தித் தருவது கொலிப்ரி. அதன் முன்னோடியான கே.ஏ. லைற், இணையத்தில் இலவசப் பாடங்கள் தரும் கான் அக்கடமியின் காணொளிகளை இணையம் இல்லாத இடங்களிலும் பார்ப்பதற்காகக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து மாணவர்கள் 2012 இல் தொடங்கிய முயற்சி. விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாகச் சுருக்கித் தருவது 2007 இல் தொடங்கிய கிவிக்ஸ். இரண்டும் இலவசம். ஆகவே, கையில் ஒரு சிறு கணினியும் பொறுமையும் உள்ள எவரும் இந்தப் பெட்டியைச் செய்துவிடலாம். அதனால்தான் இம்மதிப்புரையில் பெட்டியைக் காட்டிலும் அதற்குள் என்ன நிரப்பப்பட்டது, நிரப்பியவர்கள் எங்களை எவ்வளவு கேட்டார்கள் என்பதையே கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பௌதிகவியலுக்கான நோபல் பரிசை 2001 இல் பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வைமன், அடுத்த ஆண்டு கொலராடோப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெற்' என்னும் செயல்விளக்கத் தொகுதி பெட்டியில் இருந்தது. அதில் மின்சுற்று அமைக்கும் பகுதி ஒன்றுக்காகவே பெட்டியை வாங்கலாம். எங்களிடம் ஆய்வுகூடம் இல்லை; இருந்த மின்குமிழ்களும் கம்பிகளும் ஒரு தவணைக்குள் தொலைந்துவிடும். தரம் 10 மாணவன் ஒருவன் திரையில் மின்கலத்தின் இரு முனைகளையும் ஒரே கம்பியால் நேரடியாகத் தொடுத்தான். உடனே மின்கலத்திலிருந்து தீ எழும்பியது. அவன் டப்பைக் கதிரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றான். சிரிப்பு அடங்கிய பிறகு, "வீட்டு உருகி எதுக்கெண்டு இப்பதான் விளங்குது, ரீச்சர்" என்றான். குறுஞ்சுற்றைக் கரும்பலகையில் நான் ஐந்து வருடமாக வரைந்து வருகிறேன். இந்த வசனம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

இனிக் குறை. கான் அக்கடமிக் காணொளிகள் எங்களுக்கு ஆங்கிலத்தில் வந்திருந்தன, அவற்றைப் பிள்ளைகள் இரண்டு நாளில் கைவிட்டார்கள். தமிழ்க் காணொளிகள் நிறைய இருக்கின்றனவே என்று இளைஞர்கள் காட்டியபோது எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அவை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. எங்கள் பாடநூலில் ஒளித்தொகுப்பு, அங்கே ஒளிச்சேர்க்கை. எங்களுக்குக் கலம், அங்கே செல். நாம் ஆர்முடுகல் என்பதை அவர்கள் முடுக்கம் என்கிறார்கள். ஒட்சிசன் ஆக்சிஜனாகவும் காபனீரொட்சைட்டு கார்பன் டை ஆக்சைடாகவும் வருகின்றன. கேட்டு விளங்கிக்கொள்ளும்போது இது பெரிய தடை இல்லை என்று வெளியூரவர் நினைக்கக்கூடும். தேடும்போதுதான் அடி விழுகிறது. 'ஆர்முடுகல்' என்று தட்டிய பிள்ளைக்குப் பெட்டி ஒன்றுமில்லை என்று காட்டும்; அந்தப் பாடம் அதே அட்டையில் வேறு பெயரில் இருக்கும். க.பொ.த. சாதாரண தர விடைத்தாளில் எந்தச் சொல்லை எழுதுவது என்ற பயமும் சேர்ந்துகொண்டால், பிள்ளை டப்பை மூடிவிட்டுப் பழைய கொப்பியையே திறக்கும்.

மின்னியல் காணொளி ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், கரண்ட் போறதைப் பற்றி ஏன் இவ்வளவு நேரம் கதைக்கினம்?" காணொளியில் மின்தடை, மின்தடை என்று சொன்னது நாங்கள் தடை என்று படிப்பிக்கும் கணியத்தை. எங்கள் ஊரில் மின்தடை என்றால் மின்சார சபை அறிவிப்பது ஒன்றுதான். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட பிள்ளைகளுக்கு வேறு அர்த்தம் எப்படித் தோன்றும்?

இந்த இடத்தில்தான் அந்த ஐவரையும் பாராட்ட வேண்டும். அவர்களில் மூவர் தமிழ்ப் பிள்ளைகள், அதிலும் ஒருத்திக்கு மட்டுமே தமிழ் வாசிக்க ஓடும். சிக்கலைச் சொன்னபோது அவர்கள் வாதாடவில்லை. எங்கள் மாணவிகள் இருவர் தரம் 10, 11 விஞ்ஞானப் பாடநூல்களைத் திறந்து வைத்துக்கொண்டு சொல் சொல்லாக எழுதிக்கொடுக்க, தமிழ் வாசிக்கத் தெரிந்த அந்தப் பெண் எதிர்ப்பக்கத்தில் தமிழ்நாட்டுச் சொல்லை எழுதினாள். நாடு திரும்பிய பிறகு, அந்தப் பட்டியலை வைத்துப் பாடத் தலைப்புகளில் இரு சொற்களையும் சேர்த்து, பாடங்களை எங்கள் பாடநூல் அலகுகளின் ஒழுங்கில் அடுக்கி, கடந்தகால வினாத்தாள்களையும் இட்டுப் புதிய அட்டையை நவம்பரில் அனுப்பிவைத்தார்கள். இப்போது அதிகம் திறக்கப்படுவது அந்த வினாத்தாள்களே. பாடநூல்களையும் போட்டிருக்கிறார்கள், அரசாங்கம் 1980 முதல் அவற்றை இலவசமாகவே கொடுத்து வருவதால் நடப்பு வகுப்புப் புத்தகத்தை எவரும் டப்பில் பார்ப்பதில்லை. ஆனால் தரம் 8 இல் விட்ட இடத்தைத் தரம் 10 பிள்ளை திரும்பிப் பார்ப்பதற்கு அது உதவுகிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கிய காலத்திலிருந்தே இலங்கையர் நிறைய எழுதியது என்பதால், அதில் இரு வழக்குகளும் கலந்தே கிடக்கின்றன. சொற்சிக்கல் அங்கு குறைவு. பிள்ளைகள் அதில் முதலில் தேடியது தங்கள் கிராமத்தின் பெயரை. துணுக்காய் இருந்தது, எங்கள் கிராமம் இல்லை.

நவம்பர் அட்டைக்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் அட்டை ஒக்டோபரில் ஒரு பின்னேரம், பாடத்தின் நடுவில் மின்சாரம் போனபோது பழுதாகிவிட்டது. இத்தகைய கணினியை முறைப்படி நிறுத்தாமல் மின்னைத் துண்டித்தால் அட்டையிலுள்ள கோப்புகள் கெடலாம் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, மாற்று அட்டையும் தரப்படவில்லை. ஐந்து கிழமைக்கு மேலாகப் பெட்டி அலுமாரியின் மேல் சும்மா கிடந்தது. ஒன்பது நாள் பயிற்சியில் குழுப்படம் எடுப்பதற்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கியிருக்கலாம். இப்போது மின்னைப் பவர் பாங்க் ஊடாகக் கொடுக்கிறோம். இரண்டு மணி நேர வகுப்புக்கு அது தாராளம்.

கடிகாரக் கதை இதைவிட வேடிக்கையானது. கொலிப்ரியில் எந்தப் பிள்ளை எந்த நாளில் எந்தப் பயிற்சியைச் செய்தது என்று ஆசிரியர் பார்க்கலாம். பெப்ரவரியில் நான் பார்த்தபோது எல்லாரும் நவம்பரிலேயே படித்துக்கொண்டிருந்தார்கள். ராஸ்பெரி பை 4 இல் கடிகாரத்துக்கென்று மின்கலம் கிடையாது. இணையம் இருந்தால் அங்கிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் நிறுத்திய நேரத்திலிருந்து தொடரும். நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் விழித்திருக்கும் எங்கள் பெட்டிக்குப் பன்னிரண்டு நாள் கூடினால்தான் ஒரு நாள் ஆகிறது. இணையமில்லாத ஊருக்கென்றே செய்யப்படும் பெட்டியில் இதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். சிறு கடிகாரத் துண்டு ஒன்றைத் தனியாகப் பொருத்தினால் தீர்ந்துவிடுமாம். அதுவரை நான் பழைய வழக்கப்படி இடாப்பில் கையால் எழுதுகிறேன்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். 14 டப்களிலும் ஒரே நேரத்தில் காணொளி திறந்தால் படம் நின்று நின்று வரும். இருவருக்கு ஒரு டப் என்று வைத்தபோது அந்தச் சிக்கலும் தீர்ந்தது, பிள்ளைகள் தமக்குள் கதைத்துப் படிக்கவும் தொடங்கினார்கள். டப்களில் மூன்று மிகப் பழையவை. அவற்றில் செயல்விளக்கங்கள் திறக்கவே இல்லை. பாவித்த பொருளைத் தருவதில் பிழையில்லை, திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தந்தால்.

ஆகவே கேட்டவர்களுக்கு என் பதில்: எடுங்கள். ஆனால் எடுப்பதற்கு முன், எங்கள் பாடநூலின் ஒழுங்கில் பாடங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றனவா, மாற்று அட்டை உண்டா, அவர்கள் போன பிறகு யார் தொலைபேசியை எடுப்பார் என்ற மூன்றையும் கேளுங்கள். வேறொரு குழு வேறொரு ஊரில் கொடுத்த இதே மாதிரியான பெட்டி, திறப்பு விழாவுக்குப் பிறகு பூட்டிய அலுமாரியை விட்டு வெளியே வரவில்லை என்பதையும் நான் அறிவேன்.

எங்கள் குழுவினர் இந்த ஓகஸ்டிலும் வருவதாக எழுதியிருக்கிறார்கள். என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டார்கள். கடிகாரத் துண்டு ஒன்று, வெற்று அட்டை இரண்டு, தரம் 9 சொற்பட்டியலுக்கு ஒரு கிழமை நேரம் என்று பதில் எழுதினேன். அதை அனுப்புவதற்குக் குளக்கட்டுவரை நடக்க வேண்டியிருந்தது.