மலைமேல் மௌன தியான முகாம்: போகலாமா?

வார இறுதி மௌன முகாமைப் பற்றி எங்கள் சபையில் பலர் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். தங்குமிடம் சுத்தம். இரவுக் கஞ்சியும் துவையலும் அருமை. நடத்தும் சிஸ்டர் அன்பானவர்.

கற்றுக்கொடுப்பது ‘சென்டரிங் பிரேயர்’ என்ற மௌன ஜெப முறை. 1970களில் அமெரிக்காவின் ஸ்பென்சர் மடத்து டிராப்பிஸ்ட் (கத்தோலிக்கத் துறவற சபை ஒன்று) துறவிகள் தாமஸ் கீட்டிங், வில்லியம் மெனிங்கர், பேசில் பென்னிங்டன் உருவாக்கியது. கண்ணை மூடி ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எண்ணம் எதில் சிக்கினாலும் மெல்ல அந்தச் சொல்லுக்குத் திரும்ப வேண்டும். 20 நிமிடம். எனக்கு வேதாகமத்தின் 23ஆம் சங்கீதம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. “அதையும் விட்டுவிடுங்கள்” என்றார் சிஸ்டர். அங்கேதான் உறுத்தியது. முதல் சங்கீதம் சொல்லும் பாக்கியவான் இரவும் பகலும் வேதத்தில் அல்லவா தியானமாயிருக்கிறான்!

இது எங்களைப் போன்ற சபைக்காரர்களின் பயம் மட்டுமல்ல. 1989 அக்டோபரில் வத்திக்கானே, கர்தினால் ராட்சிங்கர் (பின்னாளில் போப் 16ஆம் பெனடிக்ட்) கையொப்பத்துடன், ஆயர்களுக்குக் கடிதம் அனுப்பியது: உடற்பயிற்சியால் தானாக வரும் அமைதியைப் பரிசுத்த ஆவியின் ஆறுதல் என்று எண்ணிவிடக் கூடாது என்று. முகாமில் அந்தப் பேச்சே இல்லை. கடைசிப் பகிர்வில் ‘மனசு லேசாச்சு’ என்பதே தேவன் பேசியதற்கு அத்தாட்சியானது. ஆவிகளைச் சோதித்தறியச் சொல்லும் 1 யோவான் 4:1ஐ யாரும் திறக்கவில்லை.

ஓய்வுக்கு என்றால் சரி, போகலாம். ஜெபம் கற்க என்றால் வேண்டாம் என்பேன். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களை அனுப்பாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால் முதலில் போதகரிடம் பேசிவிடுங்கள், வேதாகமத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.