எம்பிஏ, பிஜிடிஎம் சேரக் கடன் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: ‘சராசரி 7.2 லட்சம்’ என்ற எண்ணை நம்பி ஏமாறாதீர்கள்

கோவை வட்டாரத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் பிஜிடிஎம் (எம்பிஏ போன்ற மேலாண்மைப் பட்டயப் படிப்பு) முடித்த பி.காம். பட்டதாரிக்கு நேர்ந்தது இது. கல்லூரியின் பெயர் வேண்டாம். இதே கணக்கு பல ஊர்களில் நடக்கிறது.

சேர்க்கையின்போது காட்டிய பிரசுரத்தில் ‘100 சதவீத பிளேஸ்மென்ட், சராசரி பேக்கேஜ் 7.2 லட்சம்’ என்று இருந்தது, அதாவது ஆண்டுச் சம்பளம். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து 12 லட்சம் கடன் எடுத்தார்கள். கிடைத்த வேலையின் பெயர் மேனேஜ்மென்ட் டிரெய்னி, சிடிசி, அதாவது கம்பெனி அவருக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு, 6 லட்சம். வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, காப்பீட்டு பாலிசி விற்று மாத டார்கெட் முடிக்க வேண்டும் என்று.

சேர்க்கையின்போது அவருடைய அப்பாவிடம் கல்லூரியின் சேர்க்கை ஆலோசகர் சொன்னது: “பொண்ணுக்கு வேலை கிடைச்சதும் கட்டினாப் போதும் சார், அதுவரைக்கும் கவலையே இல்ல.” பெரிய பொய் இதுதான். படிப்பு முடிந்து ஓராண்டு ஆனதும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தவணை தொடங்கிவிடும். வட்டியோ பணம் வங்கியை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்தே ஏறுகிறது. செமஸ்டருக்கு 3 லட்சம் வீதம் நான்கு முறை, 11 சதவீதத் தனிவட்டி. முதல் 3 லட்சத்துக்கு மூன்று ஆண்டு வட்டி 99,000. அடுத்தவற்றுக்கு 82,500, 66,000, 49,500. மொத்தம் 2,97,000. ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 12 லட்சம் அல்ல, 14,97,000. பத்து ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 20,600. பதினைந்து ஆண்டு என்றால் மாதம் சுமார் 17,000தான், ஆனால் கட்டி முடிக்கும்போது 30 லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

இப்போது சம்பளத்தைப் பாருங்கள். 6 லட்சத்தில் 60,000 வேரியபிள். டார்கெட் முடிந்தால்தான் வரும். அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000. அதில் 12 சதவீதம் கம்பெனி கட்டும் பிஎஃப், அதுவும் சிடிசிக்குள்ளேயே சேர்த்தி, ஆண்டுக்கு 36,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று 14,430, மருத்துவக் காப்பீடு 6,000. பிறகு அவர் பங்கு பிஎஃப் இன்னொரு 36,000. இவை எல்லாம் போகக் கைக்கு வருவது மாதம் ஏறக்குறைய 37,300.

படிக்கப் போகுமுன் அவர் ஆடிட்டர் அலுவலகத்தில் 22,000 வாங்கிக்கொண்டிருந்தார். கூட வேலை பார்த்தவர் அங்கேயே இருந்து இப்போது 27,000 வாங்குகிறார். அப்படியானால் இந்தப் படிப்பால் கூடியது மாதம் 10,300. தவணை 20,600. படிக்காமல் இருந்திருந்தால் கையில் நின்றிருக்கும் பணத்தைவிட மாதம் 10,300 குறைவு. இரண்டு ஆண்டு விட்ட சம்பளம் 5,28,000 தனி. யாரும் போடாத கணக்கு இது. ‘6 லட்சம் சம்பளத்தில் 20,000 கட்ட முடியாதா’ என்று கேட்காதீர்கள். கூடுதலாக வரும் பணம் தவணையைத் தாங்குமா என்று கேளுங்கள்.

பிரசுரத்து எண்கள் எப்படிப் பிறக்கின்றன? ஒன்பது பேருக்கு 5 லட்சம், ஒருவருக்கு 27 லட்சம் என்றால் சராசரி 7.2 லட்சம். நடுவில் நிற்பவரின் சம்பளம், அதாவது மீடியன், 5 லட்சம்தான். ‘100 சதவீதம்’ இன்னும் மோசம். 120 பேர் வகுப்பில் அரியர், வருகைப்பதிவு என்று 20 பேரைத் தகுதியில்லாதவர் ஆக்குவார்கள். 15 பேரிடம் ‘எனக்கு பிளேஸ்மென்ட் வேண்டாம்’ என்று கையெழுத்து வாங்குவார்கள். மீதி 85 பேருக்கும் ஆஃபர் வந்தால் 100 சதவீதம் என்று அச்சடிப்பார்கள். உண்மை 71 சதவீதம்.

மத்திய அரசின் என்ஐஆர்எஃப் கல்லூரித் தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரிகள், கொடுத்த விவரங்களைத் தங்கள் தளத்தில் வைத்திருக்க வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் முடித்தவர் எத்தனை, வேலை பெற்றவர் எத்தனை, மீடியன் சம்பளம் என்ன என்று ஆண்டுவாரியாக இருக்கும். வேலை பெற்றவர் எண்ணிக்கையை, சேர்ந்தவர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அந்த மீடியனும் வேலை பெற்றவர்களுக்கு மட்டுமானது, கல்லூரியே கொடுத்தது என்பதை மறக்க வேண்டாம். பிளேஸ்மென்ட் அறிக்கைகளுக்கான தரநிலையான ஐபிஆர்எஸ் முறையில் தணிக்கை செய்த அறிக்கை இருக்கிறதா என்றும் கேளுங்கள். பதிலுக்குப் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடலாம்.

கடனிலும் கண்ணிகள் உண்டு. வங்கிகளின் பொது மாதிரித் திட்டப்படி 7.5 லட்சத்துக்கு மேல் போனால் அடமானம் கேட்பார்கள். சொத்து இல்லாதவர்களை வளாகத்திலேயே மேசை போட்டிருக்கும் நிதி நிறுவனத்திடம் தள்ளிவிடுவார்கள். அங்கே வட்டி கூடுதல், படிக்கும்போதே மாத வட்டியும் கேட்பார்கள். ஒற்றை பிரீமிய ஆயுள் காப்பீட்டைக் கடனோடு சேர்த்து அதற்கும் வட்டி போடுவதும் நடக்கிறது. 2024 அக்டோபர் முதல் கல்விக் கடன் உள்ளிட்ட தனிநபர் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை தந்தாக வேண்டும். எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டப் பட்டியலில் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள். 10 லட்சம் வரையிலான கடனுக்கு மொராட்டோரியக் காலத்தில், அதாவது தவணை தொடங்கும் வரை, 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு அது கிடையாது.

சேர்ந்த பிறகு மனம் மாறினால், தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇ அறிவிக்கும் கடைசித் தேதிக்குள் எழுத்தில் கொடுங்கள். 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, அசல் சான்றிதழ்களையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஏற்கெனவே கடன் வாங்கிவிட்டவர்கள் முடிந்தால் படிக்கும்போதே வட்டியைக் கட்டிவிடுங்கள். முதல் 3 லட்சத்துக்கு மாதம் 2,750தான். பல வங்கிகள் இதற்காக வட்டியில் 1 சதவீதம் குறைக்கின்றன. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. தவணை தவறும் என்று தெரிந்தால் மறைக்காமல் கிளை மேலாளரைப் பார்த்து, காலத்தை நீட்டித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்ட அப்பாவின் சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்பதைக் காட்டுவது) சேர்ந்தே விழும். தங்கை படிப்புக்குக் கடன் கேட்டுப் போகும்போது அது குறுக்கே வந்து நிற்கும்.