செம்மண் புழுதியில் 150-600

சர்வீஸிலிருந்து என் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் திரும்பி வந்த அன்றைக்கே தேவகோட்டை நண்பன் ஃபோன் பண்ணினான். "மாப்ள, செகண்ட் ஹேண்ட்ல 150-600 நல்லா விலை இறங்கியிருக்கே, எடுத்துரவா?" ஏன் இறங்கியது என்பது தெரிந்த கதைதான். உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருந்தவர்கள் அது இல்லாத மிரர்லெஸுக்கு மாற மாற, பழைய மவுண்ட் (கேமராவோடு பொருத்தும் வாய்) லென்ஸ்கள் எல்லாம் விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஃபோனில் அவனுக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது, முழுசும் இங்கே.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் அது விட்டுப்போகக் கூடாது. 1.5 கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) உள்ள கேமரா பாடியில் மாட்டினால் 600 என்பது 900 மி.மீ. பார்வை. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில், கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க் கரையில் நின்று, தண்ணீருக்கு நடுவே கருவேல மரத்தில் உட்கார்ந்திருக்கும் நத்தைக்குத்தி நாரையை எடுத்துப் பாருங்கள். அலகை மூடியிருக்கும்போதும் நடுவில் ஒரு இடைவெளி இருக்குமே, அதன் வழியாகப் பின்னால் இருக்கிற இலை தெரியும். 70-300 வைத்திருந்த காலத்தில் அதே பறவை எனக்கு ஒரு சாம்பல் புள்ளி. தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் அந்த ஊர்க்காரர்கள் காத்துக் கொடுக்கும் பறவைகளை, கிட்டே போய்க் கலைக்காமல் எடுக்க இந்த நீளம் கட்டாயம் வேண்டும். ஜூம் இல்லாத 600 எஃப்/4 பிரைம் லென்ஸ் பத்து லட்சத்துக்கு மேல், அதை நாம் பேசவே வேண்டாம். இந்த விலைக்கு இவ்வளவு எட்டும் லென்ஸ் வேறு இல்லை, வெளிச்சம் நுழையும் துளையைக் கொஞ்சம் சுருக்கி எஃப்/8 வைத்தால் காலை வெயிலில் கூர்மையும் அருமை.

அப்புறம் அந்தப் புழுதி. 150-லிருந்து 600-க்குத் திருப்பினால் முன்குழல் நீண்டு வெளியே வரும். நீளும்போது உள்ளே காற்றை இழுக்கும், சுருங்கும்போது வெளியே தள்ளும், காற்றோடு எது வந்தாலும் உள்ளே போகும். நம் பக்கத்தில் வருவது செம்மண். மாசி, பங்குனியில் கண்மாய் வற்றிப் போய், கரையை ஒட்டின வண்டித்தடத்தில் மண் மாவாகக் கிடக்கும். ஒரு ஆட்டுமந்தை கடந்து போனால் போதும், கொஞ்ச நேரத்துக்குள் குழலின் கறுப்பு மேல் சிவப்பாக ஒரு படலம். தையல்கடையில் காக்கித் துணியில் உறை தைத்துப் போட்டேன், குழலை உள்ளே இழுக்கும் முன் ஒவ்வொரு முறையும் பிரஷ் போட்டேன், வீட்டுக்கு வந்ததும் புளோயர். இத்தனைக்குப் பிறகும் ஜூம் வளையம் நறநறவென்று திரும்ப ஆரம்பித்தது, போகப் போக 400-க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டது. கழற்றிச் சுத்தம் செய்தவர்கள் தூசிக்கு வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டுப் பில்லை நீட்டினார்கள். வெளியில் எடுத்துப்போய்ப் பறவை எடுக்கத்தானே இந்த லென்ஸே, அதில் புழுதி படக்கூடாது என்றால் யாருக்காகச் செய்தது?

நியாயமாகச் சொன்னால், உள்ளே போன தூசி சாதாரணப் படத்தில் தெரியவே தெரியாது. வெயிலுக்கு எதிராக எடுக்கும்போது மட்டும் படம் கொஞ்சம் வெளுக்கும். "600-ல் ஷார்ப் இல்லை" என்று பலரும் திட்டுவதில் பாதி லென்ஸின் குற்றமே இல்லை, அது கானல். ஒன்பது மணிக்கு மேல் காய்ந்த கண்மாய் மேல் சூடு எழும்ப ஆரம்பித்தால் எத்தனை லட்சம் போட்டு வாங்கின லென்ஸிலும் இறகு குழையத்தான் செய்யும். சாயங்காலம் வேறு மாதிரி. கூட்டமாகப் பறவைகள் திரும்பும் நேரத்தில் வெளிச்சம் போய்விடும், துளையை முழுக்கத் திறந்த எஃப்/6.3-லும் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 3200 தாண்டும், ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும்.

குழல் நீளாத ஜூம்களும் இருக்கின்றன. 2019-ல் வந்த சோனி 200-600, 2023-ல் வந்த நிக்கான் இசட் 180-600 இரண்டிலும் ஜூம் முழுக்க உள்ளேயே நடக்கும், நம் மண்ணுக்கு அதுதான் சரி. ஆனால் லட்சத்தைத் தாண்டும், பாடியும் மாற வேண்டும். நிக்கான் 200-500 நல்ல லென்ஸ், எஃப்/5.6 கடைசி வரை மாறாது, ஆனால் அதுவும் நீளும், எடையும் 2.3 கிலோ.

நண்பன் கையில் இருப்பது கேனான் பாடி. அவனுக்கு நான் சொல்வது 1993-ல் வந்த பழைய கேனான் 400 எஃப்/5.6 பிரைம். எட்டுவது குறைவு, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் கிடையாது, 3.5 மீட்டருக்குள் வருவது ஃபோகஸ் ஆகாது. இருட்டுகிற நேரத்தில் உட்கார்ந்திருக்கும் இராக்கொக்கை அதில் எடுப்பது கஷ்டம்தான். ஆனால் 1250 கிராம், நீளவோ சுருங்கவோ செய்யாத குழல். பறக்கும் பறவைக்கு எப்படியும் ஷட்டர் 1/1000-க்கு மேல் போகும், அங்கே ஸ்டெபிலைசர் இல்லாதது பெரிய குறையே இல்லை. டூவீலரில் தினமும் கண்மாய்க் கரையில் சுற்றுகிறவனுக்கு 150-600 வேண்டாம். என்னுடையதை விற்பாயா என்றும் கேட்டான், மாட்டேன்.

அந்த 400-ஐப் பார்க்கப் போகும்போது, மாப்ள, டார்ச்சைப் பின்பக்கக் கண்ணாடியிலிருந்து சாய்வாக அடித்துப் பார். நூல் நூலாக ஏதாவது தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு விலை குறைத்தாலும் விட்டுவிட்டு வா.