உள்சுவருக்கு நீலமா, பச்சையா?

ஷேடு கார்டில் வெளிர் நீலமும் வெளிர் பச்சையும் ஒரே குளுமையோடு தெரியும். சுவரில் ஏறிய பிறகுதான் வித்தியாசம் புரியும். முதல் காரணம் விளக்கு. 3000 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மஞ்சள் எல்இடியில் நீல ஒளி குறைவு. எதிரொளிக்க ஒன்றும் கிடைக்காத வெளிர் நீலம் இரவில் சாம்பல் பூத்துவிடும். பச்சை அவ்வளவு இழப்பதில்லை. சற்றே மஞ்சளாகித் தளிர் நிறத்துக்குச் சாயும். அதனால் மஞ்சள் விளக்கில் புழங்கும் கூடத்துக்குப் பச்சைதான் எங்கள் தேர்வு. 6500 கெல்வின் டியூப்லைட் உள்ள அறையில் நீலம் நிறம் மாறாமல் நிற்கும். மேற்கு வெயில் விழும் படுக்கையறைக்கும் அதுவே இதம்.

அடுத்தது தரை. சிவப்பு ஆக்சைடு தரைக்கு மேலே பச்சை அடித்தால், எதிர்நிறம் என்பதால் கார்டில் பார்த்ததைவிடத் தூக்கலாகத் தெரியும். சாம்பல் கலந்த பச்சையில், நினைத்ததைவிட ஒரு படி வெளிறியதை எடுங்கள். தேக்குக் கதவின் ஆரஞ்சுப் பழுப்பை நீலம் அழகாக எடுத்துக்காட்டும். முகம் பார்க்கும் கண்ணாடி மேசை இருக்கும் அறையில் மட்டும் பச்சை வேண்டாம்; சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தைச் சோகை பிடித்ததுபோல் காட்டும்.

அடர் ஷேடு எதுவானாலும் செலவு கூடும். அதன் பேஸில், அதாவது சாயம் கலப்பதற்கு முந்தைய பெயிண்டில், டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி மிகக் குறைவு, அடியில் உள்ளதை மூடும் திறனும் குறைவு. இரண்டு கோட்டில் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பெயிண்டரைத் திட்டிப் பயனில்லை. சாம்பல் சாயம் கலந்த பிரைமர் அடித்துவிட்டு, மூன்றாவது கோட்டுக்கும் கணக்குப் போடுங்கள். ஓதமுள்ள சுவரில் அடர் நீலம் கூடவே கூடாது, உப்பு பூத்தால் வெள்ளை வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். முதலில் ஓதத்தைச் சரிசெய்யுங்கள்.

10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் கதவு, ஜன்னல் போக ஏறத்தாழ 400 சதுர அடி. வெளிர் ஷேடு எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 7 முதல் 8 லிட்டர் ஆகும். முழுவதையும் ஒரே நேரத்தில் வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துகொள்ளுங்கள். மெஷினில் கலக்கும் ஷேடு டின்னுக்கு டின் லேசாக மாறும், அந்த வேறுபாடு சுவரின் நடுவில் கோடாக நிற்கும்.

அதற்கு முன் சிறிய டின் ஒன்று வாங்கி, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலும் ஜன்னல் இருக்கும் சுவரிலும் 2 அடிச் சதுரமாக, நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு கோட் அடித்துப் பாருங்கள். ஈரத்தில் வெளிறித் தெரியும் எமல்ஷன் காய்ந்ததும் கறுக்கும். மறுநாள் காலை, பிற்பகல் மூன்று மணி, விளக்கு போட்ட பின் என மூன்று வேளையும் பார்த்தபிறகு ஆர்டர் கொடுங்கள்.