ஹெவி லைசென்ஸ் வந்ததும் வண்டி கேட்பதா, கொஞ்சம் பொறுப்பதா?

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி ஓட்டுவதற்கான ஹெவி லைசென்ஸுக்கு டிரைவிங் ஸ்கூல் முடிக்கும் பையன்கள் பலரும் லைசென்ஸ் வந்த வாரமே லாரி ஓனரைப் பார்த்து வண்டி கேட்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பழகிய கை சூட்டோடு இருக்கும், சம்பளமும் பேட்டாவும் (டிரிப் படி) சீக்கிரம் வரும். இரண்டு மூன்று மாதம் சும்மா இருந்தால் பழகிய ரிவர்ஸே தடுமாறும்.

ஆனால் ஸ்கூலில் ஓட்டியது காலி வண்டி. லோடு வண்டியின் குணம் வேறு. தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் இறக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் மொத்த எடையும் பிரேக் மேல்தான் விழும். மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும், பிரேக்குக்கான காற்றழுத்தமும் இறங்கும். மேலேயே கியரைக் குறைத்து, இன்ஜின் பிடியில் இறக்க வேண்டும். எந்த இடத்தில், எந்த கியரில் என்பதைப் பக்கத்தில் ஒரு மூத்த டிரைவர் இருந்து காட்டினால்தான் காலுக்குப் புரியும். முதல் டிரிப்பிலேயே இதைத் தனியாகக் கற்றுக்கொள்வது உயிரோடு விளையாடுவது.

அதனால் சில மாதம் கிளீனராகவோ இரண்டாவது டிரைவராகவோ ஏறிவிட்டு அப்புறம் ஸ்டியரிங் கேட்பதுதான் நல்லது என்பேன். தார்ப்பாய் கட்டுவது, டயரைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் அங்கேதான் வரும். சரக்கோடு போகும் ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லும் அப்படித்தான்: சாதாரண லோடுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு. வண்டி வழியில் படுத்துவிட்டால், கெடு முடிவதற்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்கச் சொல்ல வேண்டும். இப்படி இரண்டாவது ஆளாக ஏறுவதில் ஒரு ஆபத்தும் உண்டு. "இன்னும் ஒரு டிரிப் போய்ட்டு வா தம்பி" என்றே ஓனர் இழுத்துக்கொண்டு போவார். எத்தனை மாதம், எப்போது ஸ்டியரிங் என்பதை ஏறும் முன்பே, அந்த டிரைவர் அண்ணனையும் வைத்துக்கொண்டு பேசிவிடுங்கள்.

லைசென்ஸுக்கு முன்பே போய்ப் பேசி வைப்பது இன்னொரு வழி. பலர் இதை யோசிப்பதே இல்லை. ஹெவிக்கு எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) போட 20 வயது ஆகியிருக்க வேண்டும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமும் முடிந்திருக்க வேண்டும். 20 வயது ஆகிவிட்டால் அந்த வருடத்தை வீணாக்க வேண்டாம். லோடோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குக் கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டாடா ஏஸ் ஓட்டி, மார்க்கெட்டில் லோடு இறக்கிப் பழகிய பையனை ஓனர் வேறு மாதிரி பார்ப்பார். ஆனால் "ராத்திரி ரோடு காலிதான், கொஞ்சம் ஓட்டு" என்று லைசென்ஸ் வரும் முன்பே லாரியைக் கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். ஏதாவது ஆனால் கேஸ் உங்கள் மேல். இன்சூரன்ஸ்காரர்கள் கொடுத்த பணத்தை ஓனரிடமே திருப்பிக் கேட்பார்கள்.

ஆக, எல்எல்ஆர் கையில் இருக்கும்போதே பேச்சு, லைசென்ஸ் வந்த வாரமே இரண்டாவது ஆளாக ஏறுவது, பழகிய லைனில் லோடோடு ஏற்றம் இறக்கம் பார்த்த பிறகு ஸ்டியரிங். தீபாவளி, பொங்கல் முடிந்த வாரங்களில் கேட்டால் இன்னும் நல்லது. ஊருக்குப் போன டிரைவர்கள் எல்லோரும் உடனே திரும்ப மாட்டார்கள்; வண்டி ஷெட்டில் நிற்கும், வண்டிக் கடனுக்கான டியூ மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கேஸ் டேங்கர் ஆசை இருந்தால் அதை முதல் வேலையாக வைக்காதீர்கள். அபாயகரமான சரக்குக்குத் தனிப் பயிற்சி எடுத்து, லைசென்ஸில் பதிந்த பிறகுதான் அதில் ஏற முடியும்.